மணம்: பன்னிரண்டுக்கு

தேவாலயத்தின் நிலவறையில்
மூன்று பேருக்கு ஒரு மேசை.
மேலே, அல்மா நகரம்
முழங்கால் பனியில் நிற்கிறது.

இடப்புறம் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹுகெத்.
வலப்புறம் பல் மருத்துவர் நோர்மான்.
நடுவில் ஃபெலிசியன், அதாவது நான்.
பதினாறு வருட நடுவர்,
பதினாறாவதில் மட்டும்
மூக்கில்லாதவன்.

இருக்கிறது, முகத்தின் நடுவே,
கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு.
அக்டோபரில் ஒரு காய்ச்சல் வந்து தங்கியது.
போகும்போது, கடைசியாகக் கிளம்பும் விருந்தாளி
கூடத்து விளக்கை அணைப்பதுபோல்
மணங்களை அணைத்துவிட்டுப் போனது.
ஓடிலிடம்கூடச் சொல்லவில்லை.
பால் தீய்ந்த அன்று
"ஏதோ யோசனை" என்றேன்.

பதினேழாம் எண் வருகிறது.
பெல்ஜியப் பாணி. ட்ரிப்பெல்.
யார் காய்ச்சியது என்று தெரியக் கூடாது, அது விதி.
நிறம் தங்கம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.
நான் வைக்கோல் என்று எழுதுகிறேன்,
மழைக்கு முந்தின நாள் அடுக்கியது.
நுரை, அடித்த முட்டைவெள்ளையாக எழும்பி
வற்றும் ஏரியின் கரைக்கோடுகள் போல
கிளாஸில் தடம்விட்டு இறங்குகிறது.
தோற்றம்: மூன்றுக்கு மூன்று.

அடுத்த கட்டம், மணம்.
ஹுகெத் முகர்கிறாள்.
மூன்று போட்டிகளாக என் பிழைப்பு அவள் முகம்தான்.
இமை இறங்கினால் பத்து.
புருவம் ஏறினால் ஆறு.
அவள் எண்ணில் ஒன்று குறைத்தால்
எனக்கென்று ஒரு கருத்து.

நானும் குனிகிறேன்.
குளிர் மட்டும் ஏறுகிறது.

ஒரு வாய்.
நாக்குக்கு நாக்கின் வேலை தெரியும்.
முதலில் இனிப்பு, பின்னால் ஒரு கீற்றுப் புளிப்பு,
கசப்பு நேரம் தவறாமல் வந்து
கதவருகே நின்றுகொள்கிறது.
அண்ணத்தில் குமிழிகளின் ஊசிமழை.
விழுங்கியபின் நெஞ்சுக்குழியில் ஒரு கணப்பு.
ஒன்பது சதவீதமாவது இருக்கும்,
ஒளித்துவைத்திருக்கிறான் கெட்டிக்காரன்.

அந்தக் கெட்டிக்காரனுக்குத் திருட்டு எண் போட
இன்று கை வரவில்லை.
ஏனென்று கேட்காதீர்கள்.
கட்டத்தைக் காலியாக விட்டுக் கீழே எழுதினேன்:
இந்த நடுவரின் மூக்கு வேலை செய்யவில்லை,
பீரின்மேல் பழி வேண்டாம்.

கூட்டிப்போடும் பையன் வாசகம் படிப்பதில்லை.
காலி என்றால் பூஜ்யம்.
பதினேழு, நான்காவதாக வந்தது.

மாலையில் கெட்டிக்காரன் வந்தான்.
வந்தாள். மாயித்தே,
இரவெல்லாம் நெடுஞ்சாலையில் பனி வழிக்கும் வண்டிக்காரி.
என் தாளை என் மார்பருகே நீட்டினாள்.
"மூக்கறுந்தது உங்களுக்கு,
பதக்கம் போனது எனக்கா?"

நான் வாயே திறக்கவில்லை.
மீதிப் பாட்டிலைத் திறந்து
அவளே ஊற்றினாள், அவளே முகர்ந்தாள்.
"எழுதுங்கள்.
பேரிக்காய். அழுக ஒரு நாள் பாக்கி இருக்கும் பேரிக்காய்.
கிராம்பு, ஒன்றே ஒன்று.
கொத்தமல்லி விதை, கையால் நசுக்கியது,
அதையும் போடுங்கள்.
அப்புறம்..."
நிறுத்தினாள். மறுபடி முகர்ந்தாள்.
"அப்புறம் என் வண்டியில் கிடக்கும் பழைய கையுறை.
அது இதில் இருக்கக் கூடாது.
ஈஸ்ட்டுக்குச் சூடு ஏறிவிட்டது,
நான் தூங்கிவிட்டேன்."
அதையும் எழுதினேன்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஹுகெத் கோட்டை மாட்டியபடி என்னைப் பார்த்தாள்.
எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்று
அவள் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

"எண்?" என்றாள் மாயித்தே.
கையுறைக்காக எட்டு என்றேன்.
பதினொன்று என்றாள்.
பதக்கங்கள் அவரவர் வீட்டு ஆணியில்
தொங்கத் தொடங்கிவிட்ட நேரத்தில்
மீன்சந்தைபோல் பேரம் பேசி
ஒன்பதரையில் நின்றோம்.

கட்டத்துக்குள் எழுதினேன்.
பேனா அழுந்தி
அடுத்த தாளிலும் விழுந்தது.